கேஸ் போடுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு சேரக்கூடிய தொழிற்பயிற்சிப் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த ஏசி வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

சித்திரை வெயிலில் வீட்டு ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கேஸ் குறைஞ்சிடுச்சு, போட்டுடலாம்" என்கிறார். போடுகிறார், குளிர்கிறது, பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த சித்திரையிலும் அதே பேச்சு. நான் வெளியூரில் இருந்த சமயம் என் வீட்டிலேயே இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி நடந்தது. ஊருக்குத் திரும்பியதும் நானே திறந்து பார்த்தேன். வெளி யூனிட்டில் குழாய் சேரும் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கசிவு அங்கேதான். எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தை முதலில் பார் என்று என் மாணவர்களுக்கு முதல் வருடமே சொல்லிவிடுவேன்.

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வெளியே போயிருக்கிறது. பயிற்சி பெற்றவர் முதலில் குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவி, எங்கே குமிழ் கிளம்புகிறது என்று பார்ப்பார். கசிவை அடைப்பார். பிறகு வேக்குவம் பம்ப்பை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். நிறைய பேர் விட்டுவிடும் வேலை இதுதான். ஈரம் தங்கிவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டு அமிலமாகும், கொஞ்ச நாளில் கம்ப்ரசர் போய்விடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேஸ். அதையும் தராசில் நிறுத்து, கம்பெனி தகட்டில் எழுதியிருக்கும் எடைக்குப் போட வேண்டும்.

அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில், அதாவது ஐ.டி.ஐ.யில், குளிர்பதனப் பிரிவில் 27 வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு. இன்றைக்கு இதற்குக் கூடுதல் பொறுப்பும் வந்திருக்கிறது. முன்பு வீட்டு ஏசிகளில் ஆர்-22 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால், 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் அதைப் படிப்படியாகக் கைவிடுகிறார்கள். இப்போது பரவலாக இருப்பது ஆர்-32, லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரோப்பேன். நம் அடுப்பில் எரியும் சமையல் எரிவாயுவிலும் அது உண்டு. அந்தக் குழாயின் பக்கத்தில் பற்றவைப்புச் சுடரைக் கொண்டுபோகிறவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பு வராத பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடலாம் என்று பெற்றோர் என் எதிரிலேயே, பிள்ளையின் காதில் விழும்படி சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு வலிக்கும். அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்து மாறுவதை அட்டவணையில் படித்து, கேஜைப் பார்த்து, பழுது எங்கே என்று யூகிக்கிற பையனைப் படிப்பு வராதவன் என்று எப்படிச் சொல்வது?

சரி, இரண்டு வருடம் முடிந்தது, சான்றிதழ் வந்தது. இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு தப்பு செய்கிறார்கள். உடனே கிடைக்கும் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்ரண்டிஸ் முடித்துவிட்டுப் போங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, தொழிற்சாலையில் உதவித்தொகையோடு வேலை பழகி, தேர்வு எழுதி, தேசிய அளவிலான இன்னொரு சான்றிதழ் வாங்கலாம். உதவித்தொகை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் நாங்கள் காட்டுவது பழுதாக்கி வைத்த மெஷின். அங்கே நீங்கள் பார்ப்பது நிஜமாகவே நின்றுபோன மெஷின், பக்கத்தில் காத்திருக்கும் ஆட்கள். அந்தப் பதற்றத்தில் கை பழகுவதை எங்களால் வகுப்பில் கொடுக்க முடியாது.

ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர் போன்ற பிரிவுகளில் அப்ரண்டிஸ்களை எடுக்கிறது. 2024-இல் அறிவித்தது 1,010 இடங்கள். ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு, ரயில்வேயின் லெவல்-1 எனப்படும் தொடக்க நிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில் ஓட்டும் உதவி லோகோ பைலட் வேலைக்கும் பத்தாம் வகுப்போடு உரிய பிரிவில் ஐ.டி.ஐ. இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

மேலே படிக்கவும் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம்; இன்னும் இரண்டே வருடத்தில் டிப்ளமோ. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு வயர்மேன், வெல்டர் பிரிவுகள் உண்டு. பிளஸ் டூவில் அறிவியல் படித்து, ஆஸ்பத்திரி வேலையில் விருப்பம் இருந்தால் மருத்துவ ஆய்வக நுட்புநர் பட்டயப் படிப்பு இரண்டு வருடம்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். இதைச் சொல்லும்போது ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். என் வகுப்பில் அந்த வருடம் ஒரே பெண். தாமிரக் குழாயின் வாயை விரித்து நட்டுக்குள் உட்காரவைக்கும் வேலையில் ஒரு கீறல் இருந்தாலும் கசியும். அவள் செய்த இணைப்பில் சோப்பு நுரை தடவினால் ஒரு குமிழ்கூட வந்ததில்லை. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக அதில் ஒன்றை மேசையில் வைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் சேர்க்கை தொடங்கிவிடும். எந்தப் பிரிவு என்று படிவத்தில் நிரப்புவதற்கு முன்னால், பக்கத்து ஐ.டி.ஐ.க்கு ஒரு நாள் நேரில் போங்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். மெஷின்கள் மேல் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் கையில் கருவி இருக்கிறதா, அடுத்த தெருவில் எந்தக் கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். போகும்போது உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மெஷின் பக்கத்தில் அவனோ அவளோ கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வணக்கம்.