நள்ளிரவில் நான்கு விமானங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சாயங்காலம் சென்னையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் விடியும்போது டெல்லியில் இருக்க வேண்டும். 1949 ஜனவரி 30-ஆம் தேதி தொடங்கிய இரவு விமான அஞ்சல் அதைச் செய்து காட்டியது. அதன் நடுமுனை நாக்பூர், சோனேகாவ் விமான நிலையம்.

ஏன் நாக்பூர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை. ஒவ்வொன்றையும் மற்ற மூன்றோடும் நேராக இணைத்தால் ஆறு தடங்கள். போக, வர என்று ஓர் இரவுக்குப் பன்னிரண்டு பயணங்கள். நடுவில் ஓர் ஊரில் எல்லாம் சந்தித்தால் நான்கே விமானங்கள் போதும். நாலா பக்கமும் அன்றைய டகோட்டா விமானத்துக்குச் சுமார் மூன்று, மூன்றரை மணி நேரப் பறப்பு. இரவில் கிளம்பி, நள்ளிரவுக்குப் பின் பை மாற்றி, விடிவதற்குள் திரும்பிவிடலாம்.

அந்தப் பை மாற்றத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கழுத்தைச் சணல் கயிற்றால் கட்டி, அரக்கு முத்திரை வைத்த பைகள். ஊர்ப்பெயர்ச் சீட்டைப் பார்த்து விமானம் மாற்றினால் போதும். பையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் சென்னைப் பை ஒன்று தவறிப் பம்பாய் விமானத்தில் ஏறிவிட்டால்? காலையில் பம்பாய், அன்றிரவு மறுபடி நாக்பூர், அதற்கடுத்த காலையில்தான் சென்னை. சரியாக ஒரு நாள் போச்சு!

அதைவிடப் பெரிய சிக்கல், காத்திருப்பது. டெல்லியில் பனிமூட்டம், விமானம் தாமதம் என்று வையுங்கள். காத்திருந்தால் மூன்று ஊர்த் தபாலும் தாமதம். காத்திராமல் கிளம்பினால் டெல்லியிலிருந்து வரும் பைகள் மறுநாள் இரவு வரை நாக்பூரில் கிடக்கும். எல்லா நூலையும் ஒரே முடிச்சில் போட்டால் வரும் சங்கடம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1949 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானக் கூடுதல் கட்டணம் கிடையாது. சாதாரணத் தபால்தலை ஒட்டியவரின் கடிதமும் விமானம் ஏறியது. எனக்கு நாக்பூரைவிடப் பெரிய சாதனை இதுதான். அப்போது தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய்.

மணி நெருங்குகிறது, மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தனியார் நிறுவனங்கள் ஓட்டின. 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12-இல் சென்னைக்குக் கிளம்பிய டகோட்டா நாக்பூரிலேயே விழுந்து நொறுங்கியது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். மறுபடியும் விமானங்கள் நள்ளிரவில் அங்கே கூடின, 1973 வரை. வணக்கம்.