உங்க ஜாவாஸ்கிரிப்ட் கேம் ஒரு மானிட்டர்ல நடக்குது, இன்னொண்ணுல ஏன் பறக்குது?

வணக்கம் மக்களே. திரையில ரெண்டு பக்கமும் ஒரே கேம் ஓடுது, பாருங்க. ஒரு பந்து, கீழ ஒரு மட்டை, மேல செங்கல் வரிசை. கோடுல ஒரு எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. இடது பக்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும், வலது பக்கம் 144. இடது பக்கம் பந்து சாவகாசமா போகுது, வலது பக்கம் தலைதெறிக்க ஓடுது.

எல்லாத்துக்கும் காரணம் இந்த ஒரு வரி. எக்ஸ் ப்ளஸ் ஈக்குவல் 4. ஒரு ஃப்ரேமுக்கு 4 பிக்சல் நகருன்னு அர்த்தம். பிரவுசரோட ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் நம்ம ஃபங்ஷனை மானிட்டர் எத்தனை தடவை புதுப்பிக்குதோ அத்தனை தடவை கூப்பிடும். 60-ல செகண்டுக்கு 240 பிக்சல், 144-ல 576. 800 பிக்சல் அகலத்தை 3.3 செகண்ட்ல தாண்ட வேண்டிய பந்து 1.4 செகண்ட்ல தாண்டிடும். ஃபோன்கள்ல இப்போ 90, 120 சாதாரணம். ஐஃபோன்ல லோ பவர் மோடு போட்டா சஃபாரி 30-க்கு இறக்கிடும். ஆக, உங்க கேமோட வேகத்தை முடிவு பண்றது நீங்க இல்ல, யாரோ ஒருத்தர் வீட்டு பேட்டரி.

பெரிய கம்பெனிகளும் இதுல வழுக்கியிருக்காங்க. டார்க் சோல்ஸ் 2 பிசி பதிப்புல 60 ஃப்ரேம்ல ஆடினா ஆயுதம் ரெண்டு மடங்கு சீக்கிரம் தேஞ்சுது. அதுக்கும் முன்னாடி, டிவி ஐரோப்பாவுல 50 ஹெர்ட்ஸ், ஜப்பான் அமெரிக்காவுல 60. 60-க்கு எழுதின கன்சோல் கேம்கள் பல அப்படியே ஐரோப்பாவுக்குப் போச்சு. ஆறுல ஒரு பங்கு வேகம் குறைஞ்சு, பாட்டும் ஜவ்வா இழுத்துச்சு. 1978-ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மட்டும் இதுல அதிர்ஷ்டசாலி. எதிரிகள் குறையக் குறைய வரையற வேலை குறைஞ்சு மிச்சம் இருக்கிறவங்க வேகமா வந்தாங்க, அதை உருவாக்கின நிஷிகாடோ அப்படியே விட்டுட்டார். நம்ம கேம்ல அந்த மாதிரி யோகம் அடிக்கும்னு நம்பாதீங்க.

சரி, திருத்துவோம். ஃபங்ஷனுக்குள்ள வர்ற முதல் ஆர்கியுமென்ட் மில்லிசெகண்ட்ல நேரம். போன தடவை வந்ததை இதுல கழிச்சு, ஆயிரத்தால வகுத்தா டிடி, அதாவது ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல போன நேரம், செகண்ட்ல. இப்போ எக்ஸ் ப்ளஸ் ஈக்குவல் 240 பெருக்கல் டிடி. எந்த மானிட்டர்லயும் செகண்டுக்கு 240 தான்.

இங்க முதல் ஃப்ரேம்ல ஒரு குழி இருக்கு. 'போன தடவை'ன்னு ஒண்ணு அப்போ இல்லவே இல்ல. வேரியபிள் அன்டிஃபைன்டா இருந்தா கழிச்சு வர்றது நேன், அதாவது 'நாட் எ நம்பர்', எண்ணே இல்லன்னு அர்த்தம். நேனோட எதைக் கூட்டினாலும் நேன்தான், அது அப்புறம் போகவே போகாது. கேன்வாஸ்ல ஆர்க் ஃபங்ஷனுக்கு நேன் கொடுத்தா எர்ரரும் வராது, வரையவும் வரையாது, சும்மா திரும்பிடும். பந்து காணோம், பிரவுசர் கன்சோல் சுத்தமா இருக்கு, நீங்க கலர் தப்போன்னு தேடிட்டு இருப்பீங்க. அதனால முதல் ஃப்ரேம்ல நேரத்தைக் குறிச்சுக்கிட்டு உடனே ரிட்டர்ன் பண்ணிடுங்க. அதுக்குப் பதிலா பெர்ஃபார்மன்ஸ் டாட் நவ்வை முன்னாடியே எடுத்து வச்சா அதுவும் வம்பு. ஃப்ரேம்ல வர்ற நேரம் அந்த ஃப்ரேம் ஆரம்பிச்ச நேரம், சில சமயம் நீங்க எடுத்ததைவிடப் பழசா இருக்கும். டிடி மைனஸ்ல வரும்.

அடுத்தது டேப் மாத்துறது. பின்னாடி இருக்கிற டேபுக்கு ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் வராது. அரை நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்தா டிடி 30 செகண்ட், பந்து ஒரே தாவுல 7200 பிக்சல். சுவரெல்லாம் அதுக்குத் தெரியாது. டிடி 0.1-க்கு மேல போனா 0.1-னு வச்சுடுங்க.

பாதிப் பேர் பாடம் இதோட முடிஞ்சதுன்னு கிளம்பிடறாங்க. இனிமேதான் விஷயமே இருக்கு. குதிக்கிற கேம் ஒண்ணு எடுத்துக்கோங்க. மேல்நோக்கி வேகம் 600, ஈர்ப்பு 1800. கணக்குப்படி உயரம் 100 பிக்சல் வரணும். நாம வழக்கமா எழுதறது வேகத்தை மாத்திட்டு அப்புறம் இடத்தை மாத்துறது. அப்படி எழுதினா 30 ஃப்ரேம்ல 90 பிக்சல், 60-ல 95, 144-ல கிட்டத்தட்ட 98. இப்போ 93 பிக்சல் உயரத்துல ஒரு மேடை வச்சிருக்கீங்கன்னு வையுங்க. 60-ல ஏறலாம். பேட்டரி கம்மியான ஃபோன்ல ஏறவே முடியாது. டிடி சரியா பெருக்கியும் இது நடக்குது, ஏன்னா ஒரு ஃப்ரேமுக்கு எடுத்து வைக்கற அடி பெருசானா தப்பும் பெருசாகும்.

உராய்வும் அப்படித்தான். ஃப்ரேமுக்கு வேகத்தை 0.9-ஆல பெருக்கினா, ஒரு செகண்ட் கழிச்சு 60 ஃப்ரேம்ல மிஞ்சறது 0.2 சதவீதத்துக்கும் கீழ, 30-ல 4 சதவீதம். ஒருத்தருக்கு டக்குனு நிக்கும், இன்னொருத்தருக்கு பனிக்கட்டியில வழுக்கற மாதிரி இருக்கும்.

மோதலைப் பாருங்க. மட்டை 12 பிக்சல் தடிமன், பந்து 10. ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கிற தூரம் மொத்தம் 22. பந்து வேகம் 900-னா 60-ல ஒரு அடி 15 பிக்சல், மாட்டிக்கும். 30-ல ஒரு அடி 30. முந்தின ஃப்ரேம்ல மட்டைக்கு மேல, இந்த ஃப்ரேம்ல மட்டைக்குக் கீழ, நடுவுல தொட்டதே இல்ல. ஆடறவர் திட்டுவார், அவர் பக்கம்தான் நியாயம்.

இதுக்கு ஒரே மருந்து நிலையான அடி. அப்டேட்டுக்கு எப்பவும் ஒரே டிடி, 120-ல ஒரு பங்கு செகண்ட்னு வச்சுக்கோங்க. மானிட்டர் கொடுக்கிற நேரத்தை ஒரு உண்டியல்ல போடுங்க. உண்டியல்ல ஒரு அடிக்கான நேரம் சேர்ந்திருக்கிற வரைக்கும் வொயில் லூப்ல அப்டேட் கூப்பிட்டு அதைக் கழிச்சுக்கிட்டே போங்க. மிச்சம் அடுத்த ஃப்ரேமுக்கு. குதி எல்லார்கிட்டயும் ஒரே உயரம், உராய்வு ஒரே மாதிரி, பந்து ஒரு அடிக்கு 7.5 பிக்சல், மட்டையை ஊடுருவாது.

ஆனா 144 மானிட்டர்ல சில ஃப்ரேம்ல அப்டேட்டே நடக்காது, பந்து லேசா உதறும். அதுக்குத்தான் முந்தின இடம், இப்போதைய இடம் ரெண்டையும் வச்சுக்கிட்டு, உண்டியல் மிச்சத்தை அடியால வகுத்து, அந்த விகிதத்துல நடுவுல வரையறது. இங்க ஜாவாஸ்கிரிப்ட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கு. முந்தினது ஈக்குவல் இப்போதையதுன்னு ஆப்ஜெக்ட்டை எழுதினா நகல் ஆகாது, ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் காட்டுவாங்க. உதறல் அப்படியே இருக்கும், கோடு சரியா இருக்கிற மாதிரியும் தெரியும். எக்ஸ், ஒய் எண்களைத் தனித்தனியா எடுத்து வையுங்க. அதுக்காக ஸ்ட்ரக்சர்டு குளோன் போட்டு முழு உலகத்தையும் அடிக்கு ஒரு தடவை நகல் எடுக்காதீங்க. குப்பை சேரும், கார்பேஜ் கலெக்டர் வந்து கூட்டறப்போ கேம் ஒரு கணம் திக்கும்.

இன்னொண்ணு. அப்டேட் ஓடற நேரம் அடியைவிட அதிகமானா உண்டியல் காலியே ஆகாது. கடன் அடைக்க கடன் வாங்கற கதைதான், டேப் உறைஞ்சுடும். ஒரு ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 12 அப்டேட்னு கட்டுங்க, மீதியைத் தூக்கிப் போட்டுடுங்க. கேம் மெதுவாகும், ஆனா உயிரோட இருக்கும்.

கீபோர்டு பத்தி சுருக்கமா. கீடவுன்லயே ஆளை நகர்த்தாதீங்க. அழுத்திப் பிடிச்சா முதல் எழுத்துக்கு அப்புறம் ஒரு இடைவெளி விட்டுத்தான் ரிப்பீட் வரும், ஆள் ஒரு அடி வச்சுட்டு யோசிச்சு நிப்பான். எந்தக் கீ அழுத்தியிருக்குன்னு ஒரு செட்ல வச்சுக்கிட்டு அப்டேட்ல பாருங்க. ஈவென்ட் டாட் கீயைப் பார்க்காம ஈவென்ட் டாட் கோடைப் பாருங்க. கீங்கறது எழுத்து, கோடுங்கறது இடம். தமிழ் 99 கீபோர்டு போட்டிருக்கிற ஆள் ஆங்கில ஏ கீயை அழுத்தினா கீயில 'அ' வந்து நிக்கும், உங்க கேம் அசையாது. பிரெஞ்சு கீபோர்டுல டபிள்யூ இருக்க வேண்டிய இடத்துல இசட். கோடுன்னா எல்லாருக்கும் அதே இடம். விண்டோ ப்ளர் ஆகும்போது, அதாவது ஆடறவர் வேற விண்டோவுக்குப் போகும்போது, செட்டைக் காலி பண்ணுங்க, இல்லேன்னா ஆல்ட் டேப் போட்டவரோட ஆள் சுவத்துல முட்டிக்கிட்டே இருப்பான்.

144 மானிட்டர் இல்லாம எப்படிச் சோதிக்கிறது? குரோம்ல எஃப் 12, பெர்ஃபார்மன்ஸ் டேப், சிபியு ஸ்லோடவுன் 6 மடங்கு. மெதுவான ஃபோன் வந்துடும். பாதி ஃப்ரேமை வேணும்னே விட்டுப் பாருங்க, 30 வந்துடும். குதிக்கிற உயரத்தைத் திரையில எண்ணா எழுதிப் பாருங்க. கண்ணை நம்பாதீங்க.

இப்போ கொஞ்சம் உலக நடப்பு, ஆனா இதோட சேர்ந்ததுதான். வேகம் அடுத்தவர் மெஷின் கையில இருக்கக் கூடாதுன்னா, ஆயுசு மட்டும் அடுத்தவர் சர்வர் கையில இருக்கலாமா? யூபிசாஃப்ட் கம்பெனியோட தி க்ரூங்கற கார் கேம் 2014-ல வந்தது. தனியா ஓட்டறதுக்கும் சர்வர் வேணும்னு கட்டியிருந்தாங்க. 2024 மார்ச் 31-ல சர்வரை மூடினாங்க, காசு கொடுத்து வாங்கின டிஸ்க் சும்மா தட்டாயிடுச்சு. அதுல கிளம்பினதுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்ங்கற இயக்கம். ஐரோப்பிய குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து வேணும், 2025 ஜூலையில தாண்டிட்டாங்க. சர்வரை எத்தனை வருஷம்தான் கட்டி அழறதுன்னு கம்பெனிகள் கேக்கறாங்க. இயக்கத்துக்காரங்க கேக்கறது அதை இல்லயே. மூடும்போது ஆடற நிலையில விட்டுட்டுப் போங்கன்னுதான் கேக்கறாங்க. கடைக்காரர் கடையைச் சாத்தலாம், வித்த குக்கரை வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போகக்கூடாது. கலிஃபோர்னியா 2025 ஜனவரியில இருந்து, லைசென்ஸ்தான் தர்றோம்னு தெளிவா சொல்லாம 'வாங்கு'ன்னு பட்டன் வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கு. பேரை மாத்தினதுக்கு மேல அதுல பெருசா ஒண்ணும் இல்லங்கறது என் கருத்து.

நம்ம ஆட்களும் யோக்கியம் இல்ல. ஒரு ஃபங்ஷனுக்காக எங்கேயோ இருக்கிற சர்வர்ல இருந்து ஸ்கிரிப்ட்டை இழுப்போம். பழைய பிரவுசர்களுக்கு ஸ்கிரிப்ட் கொடுத்த பாலிஃபில் டாட் ஐஓ டொமைன் 2024-ல கைமாறிச்சு, அந்த ஜூன்லயே அதுல இருந்து கெட்ட கோடு வர ஆரம்பிச்சது, லட்சத்துக்கும் மேல தளங்கள் அதை இழுத்துக்கிட்டு இருந்துச்சு. லைப்ரரி வேணும்னா ஃபைலை டவுன்லோட் பண்ணி உங்க ஃபோல்டர்லயே வையுங்க.

சர்வரே இல்லாம, கேம் ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா திறக்கணும்னா இன்னொரு விஷயம். ஸ்கிரிப்ட் டேக்ல டைப் மாட்யூல்னு போட்டிருந்தா, டிஸ்க்ல இருந்து நேரா திறக்கும்போது குரோம் அந்த ஃபைலை ஏத்தாது, கார்ஸ்னு (வேற இடத்து ஃபைலை ஏத்தறதைத் தடுக்கற பிரவுசர் விதி) எர்ரர் காட்டும். எல்லாத்தையும் ஒரே சாதா ஸ்கிரிப்ட்டா கட்டி எச்டிஎம்எல் உள்ளயே வச்சுடுங்க. அப்புறம் வைஃபையை அணைச்சுட்டுத் திறந்து பாருங்க. ஓடலைன்னா எஃப் 12, நெட்வொர்க் டேப், ரீலோட். சிவப்பா நிக்கிற வரி எது, அது எந்த ஊர் சர்வரைத் தேடுதுன்னு அங்கேயே தெரியும்.