குடும்ப வேதாகமத்தில் எழுதிய தேதியை எந்த அளவுக்கு நம்பலாம்?

[காட்சி: மேசை மீது தோலட்டை போட்ட கனத்த வேதாகமம் ஒன்று. பழைய ஏற்பாடு முடியும் இடத்தில் விரிக்கப்படுகிறது.]

வணக்கம். அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறி வந்த பழைய வேதாகமங்களைத் திறந்தால், பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று தலைப்பிட்ட சில பக்கங்களைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிப்பாளர்கள் இவற்றைக் கோடிட்டு, அலங்கரித்து, அச்சிட்டே விற்றார்கள். அதற்கு முந்தைய காலத்தவர் அட்டையின் உட்புறத்திலும் வெற்றுத் தாள்களிலும் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துகளை ஆவணமாக எப்படிப் படிப்பது என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

அரசுப் பதிவேடு இருக்கும்போது வீட்டுப் பதிவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பல மாநிலங்களில் அரசுப் பதிவேடே வெகு காலம் இல்லை. தென் கரோலினா 1911ஆம் ஆண்டில்தான் திருமண உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பிறப்பு, இறப்புப் பதிவை 1915இல் தொடங்கியது. வர்ஜீனியா 1853இல் பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கி, 1896இல் நிறுத்தி, 1912இல்தான் மீண்டும் தொடர்ந்தது. உள்நாட்டுப் போரில் அங்கே பல நீதிமன்றக் கட்டடங்களின் ஆவணங்கள் தீக்கிரையாயின. அப்படிப்பட்ட வட்டாரங்களில் ஒரு தாத்தா பிறந்த நாளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று, பல நேரங்களில், அவருடைய வீட்டு வேதாகமம்தான்.

[காட்சி: ஓரம் கிழிந்த ஒற்றைத் தாள், அதன் மீது அலுவலக முத்திரை.]

இந்தப் பக்கங்களின் மதிப்பை அமெரிக்க அரசே ஒரு கட்டத்தில் நேரடியாக உணர்ந்தது. விடுதலைப் போரில் பணியாற்றிய வீரர்களுக்கு 1832ஆம் ஆண்டுச் சட்டமும், அவர்களுடைய விதவைகளுக்கு 1836ஆம் ஆண்டுச் சட்டமும் ஓய்வூதியம் வழங்கின. போர்த்துறையின் பழைய ஆவணங்கள் 1800 நவம்பரில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்துபோயிருந்ததால், விண்ணப்பித்தவர்களே சான்று கொண்டுவர வேண்டியிருந்தது. விதவைகளுக்குத் திருமணத் தேதியே தகுதியைத் தீர்மானித்தது: கணவர் படையிலிருந்து விடுபடுவதற்கு முன்பே மணமாகியிருக்க வேண்டும் என்றது 1836ஆம் ஆண்டுச் சட்டம். படைப்பணி முடிந்த பிறகு, ஆனால் 1794க்கு முன் மணமானவர்களுக்கும் 1838ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய திருமணத்தை நிரூபிக்க வேண்டிய நிலையில், பல மூதாட்டியர் தங்கள் வேதாகமத்தின் குடும்பப் பக்கத்தைக் கிழித்து, உறுதிமொழிப் பத்திரத்துடன் இணைத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 80,000 கோப்புகள் கொண்ட அந்தத் தொகுதி இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் 2,670 நுண்படச் சுருள்களாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே இருந்த எத்தனையோ வேதாகமங்கள் வெள்ளத்திலும் தீயிலும் போய்விட, கிழித்து அனுப்பிய தாள்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் அந்தத் தாள்கள் தாம் எந்த நூலைச் சேர்ந்தவை என்ற அடையாளத்தை இழந்துவிட்டன. அது சிறிய இழப்பன்று.

ஏனென்றால், குடும்பப் பக்கத்தைப் படிப்பதற்கு முன் நாம் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்தில் உள்ள அச்சு ஆண்டை. 1840இல் அச்சான வேதாகமத்தில் 1790இல் நடந்த திருமணம் எழுதப்பட்டிருந்தால், அது நடந்த அன்றே எழுதியதாக இருக்க முடியாது. பழைய நூலிலிருந்து பெயர்த்ததாகவோ நினைவிலிருந்து எழுதியதாகவோதான் இருக்கும். முதல் தலைப்புப் பக்கம் காணாமல் போயிருந்தால், புதிய ஏற்பாட்டுக்குத் தனித் தலைப்புப் பக்கம் உண்டா என்று பாருங்கள். அதிலும் ஆண்டு இருக்கக்கூடும். அடுத்து கையெழுத்தையும் மையையும் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டுப் பிறப்புகள் ஒரே கையில், ஒரே மையில், ஒரே சீரான சாய்வில் இருந்தால், யாரோ ஒருவர் ஒரே அமர்வில் எழுதியது என்று கொள்ளலாம். கை மாறி, மை மாறி, வரிகள் ஏறி இறங்கி இருப்பதையே நான் கூடுதலாக நம்புவேன். அழித்தெழுதிய திருமண ஆண்டு தென்பட்டால் மூத்த பிள்ளையின் பிறந்த நாளோடு ஒப்பிடுங்கள். குடும்ப மானம் கருதிச் சிலர் திருமணம் ஓராண்டு முன்பே நடந்ததாக மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

[காட்சி: “1731/2” என்ற எண் திரையில்.]

தேதியைப் படிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். மவுண்ட் வெர்னான் மாளிகையில் காக்கப்படும் வாஷிங்டன் குடும்ப வேதாகமம், ஜார்ஜ் வாஷிங்டன் 1731/2 பிப்ரவரி 11ஆம் நாள் காலை பத்து மணியளவில் பிறந்தார் என்கிறது. அப்போது ஆங்கிலேயச் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே அந்தப் பிப்ரவரி பழைய கணக்கில் 1731, புதிய கணக்கில் 1732. பின்னர் 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 என்று மாற்றியதில் பதினோரு நாள்கள் கழிந்தன. அவருடைய பிறந்த நாள் பிப்ரவரி 22 என்று கொண்டாடப்படுவது இதனால்தான். வேதாகமத்தில் உள்ள தேதியைப் பெயர்த்தெழுதும்போது அதைத் திருத்தாமல், உள்ளது உள்ளபடியே எழுதி, விளக்கத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

சில பக்கங்களை மனம் கனக்காமல் படிக்க முடியாது. தென் மாநிலப் பண்ணையார்கள் சிலர், தம் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின்னே, தாம் அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் முதற்பெயர் மட்டும் இட்டு, தேதியோடு எழுதி வைத்தார்கள். சொத்துக் கணக்காகவே அதைச் செய்தார்கள். ஆனால் 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைகள் கணக்கெடுப்பு உரிமையாளரின் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியவற்றை மட்டுமே பெரும்பாலும் குறித்தது. விடுதலை பெற்றோர் அனைவரையும் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தது 1870இல்தான். தம் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்கு, 1870 என்ற சுவருக்கு அப்பால் தாயின் பெயரும் குழந்தையின் பெயரும் ஒரே வரியில் கிடைக்கும் அரிய இடங்களுள் இந்தப் பக்கங்களும் உண்டு. அத்தகைய வேதாகமம் வைத்திருக்கும் வீட்டார், வெட்கம் கருதி அதை ஒளித்து வைக்காமல் வெளியிட வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

பிறர் சொல்லக் கேட்டதைச் சான்றாக ஏற்பதில்லை என்ற பொது விதிக்கு, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சான்று விதிகள் குடும்பப் பதிவுகளை விலக்காக வைத்து, வேதாகமத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. மோதிரத்தில் பொறித்ததும் கல்லறை வாசகமும்கூட அந்த விதியில் அடங்கும். சமூகப் பாதுகாப்புத் துறையும் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் வயதுக்கு மூலக் குடும்ப வேதாகமத்தை ஆதாரங்களுள் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது.

[காட்சி: மெத்தையில் சாய்த்து, பாதி மட்டும் திறந்த நூல். மேலே கேமரா.]

இனி, பாதுகாப்பு. மாசிக்காயும் அன்னபேதியும் கலந்து செய்த பழைய மை, காலப்போக்கில் பழுப்பேறித் தாளையே அரிக்கும். மங்கிய எழுத்தின் மீது புதுப் பேனாவால் எழுதிவிடாதீர்கள். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் கூடவே கூடாது. நூலை முழுவதும் மல்லாத்தித் திறக்காமல் இருபுறமும் தாங்கு கொடுத்துப் படமெடுங்கள். தலைப்புப் பக்கம், எழுத்துள்ள எல்லாப் பக்கங்களும், இடையே செருகிய பூ, முடிக்கற்றை, கடிதம் ஆகியவையும் இருந்த இடத்திலேயே படமாக வேண்டும். பிறகு அமிலமற்ற அட்டைப் பெட்டியில், ஈரமும் வெயிலும் படாத அறையில் வையுங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், யாழ்ப்பாணப் பகுதிக் கிறிஸ்தவ வீடுகளில் உள்ள வேதாகமங்களுக்கும் இவை அப்படியே பொருந்தும். நூல் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைத் தனித்தாளில் தேதியிட்டு எழுதிப் பெட்டியோடு வையுங்கள். வர்ஜீனியா மாநில நூலகம் இத்தகைய பக்கங்களைத் திரட்டி இணையத்தில் படங்களாக வைத்திருக்கிறது. அவற்றில் சிலவற்றைத் திறந்து, தலைப்புப் பக்கத்திலிருந்து தொடங்கிப் படித்துப் பாருங்கள்.