புது ஸ்டிக் கைக்கு வரும் வரைக்கும்

[திரையில்: பச்சை மேசையில் இரண்டு ஸ்டிக்குகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் நுனி முழுக்க நீலக் கறை. மற்றது பளபளக்கிறது.]

வணக்கம். இது பூல் பற்றின வீடியோ, ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பொக்கற்றில் விழுத்துகிற விளையாட்டு. இடப்பக்கம் கிடக்கிறது ஆறு வருசமாக நான் விளையாடின ஸ்டிக். என்ட சொந்தம் இல்லை, மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் விளையாடுகிற மேசையோடு சேர்ந்தது. கொஞ்சம் கோணல். வலப்பக்கம் இருக்கிறது காசு சேர்த்துக் கொழும்பிலிருந்து எடுப்பித்த புதுசு. பெட்டியில் 'கியூ' என்று போட்டிருந்தது. எங்கட வாயில் அது எப்பவும் ஸ்டிக்தான், இந்த வீடியோவிலும் அப்படியே இருக்கட்டும்.

புதுசு வந்த முதல் பின்னேரம் ஏழு கேம் தோற்றேன். தோற்றது யாரிடம் தெரியுமா? இந்தக் கோணல் ஸ்டிக்கை எடுத்து விளையாடின, ஓ.எல். படிக்கிற ஒரு பொடியனிடம். "ஸ்டிக்கில ஏதோ பிழை" என்றேன். மேசையைப் பார்த்துக்கொள்கிற மாமா பந்தை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "1973ல பம்பாயில லாபிர் உலக சம்பியனாகக்குள்ள கார்பன் ஸ்டிக்கா மனே கொண்டு போனவர்?"

யாராவது சாமானில் குறை சொன்னால் மாமா எம்.ஜே.எம். லாபிரைத்தான் இழுப்பார். அமெச்சூர் பில்லியர்ட்ஸில் உலகப் பட்டம் எடுத்த இலங்கையர். அவரைச் சொன்ன பிறகு யார் வாய் திறக்கிறது? நானும் திறக்கவில்லை. மூன்று கிழமை கழித்துத்தான் எனக்கே விளங்கியது. பழைய ஸ்டிக்குக்கு ஒரு பிழை இருந்தது. என்ட கை ஆறு வருசமாக எனக்குத் தெரியாமலே அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறது. புது ஸ்டிக்கில் அந்தப் பிழை பெரிதாக இல்லை. கை அதைக் கேட்கவில்லை, இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டே இருந்தது.

கரம் விளையாடுகிறவர்களுக்கு இது விளங்கும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேலே போகக் கூடாது என்பது சர்வதேச விதி. அந்த 15க்குள்ளேயே ஒரு கிராம் கூடக்குறைந்த ஸ்ட்ரைக்கரைக் கையில் தந்து பாருங்கள். முதல் போர்ட் முழுக்க வெட்டு பிழைக்கும்.

[திரையில்: வெள்ளைப் பந்து மிகக் கிட்டத்தில். டிப் அதன் வலப்பக்கத்தைத் தொடுகிறது. மெதுவாக ஓடும் படம்.]

அது என்ன பிழை என்று இப்போது பார்ப்போம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகிறேன், மிச்சமெல்லாம் இதிலேதான் தொங்குகிறது.

வெள்ளைப் பந்தை நடுவில் அடித்தால் ஸ்டிக் போகிற திசையில் பந்து போகும். வலப்பக்கம் தள்ளி அடித்தால், அதாவது வலது சைட் போட்டால், பந்து அந்தத் திசையில் போகாது. கொஞ்சம் இடப்பக்கம் விலகித்தான் கிளம்பும். டிப், அதாவது நுனியில் ஒட்டியிருக்கிற தோல் துண்டு, பந்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன். அதற்குள் பந்து சுழலத் தொடங்கி டிப்பை வலப்பக்கம் தள்ளும். டிப் திருப்பிப் பந்தை இடப்பக்கம் தள்ளும். நுனி பாரமாக இருந்தால் அது அசைந்து கொடுக்காது, பந்துதான் விலக வேண்டும். நுனி லேசாக இருந்தால் நுனி விலகிக் கொடுக்கும், பந்து கிட்டத்தட்ட நேரே போகும்.

நுனி என்று நான் சொல்கிறது டிப்பிலிருந்து 15, 20 சென்ரிமீற்றர் மட்டும். கைப்பிடிப் பக்கம் எவ்வளவு பாரம் என்றாலும் இந்த விலகலுக்கு அது கணக்கில்லை. பெரும்பாலும் மேசையோடு வருகிற ஸ்டிக்குகள் தடித்த நுனி, 13 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். என்ட புதுசு பன்னிரண்டரைக்கும் குறைவு, உள்ளே பாரம் குறைத்த நுனி.

[திரையில்: மேசையை மேலிருந்து பார்க்கிறோம். இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் கிளம்பி மெதுவாகப் பிரிகின்றன.]

எவ்வளவு விலகும் என்று கேட்பீர்கள். ஒரு பாகை வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். 2 மீற்றர் போய்ச் சேரும்போது அது மூன்றரைச் சென்ரிமீற்றர். பூல் பந்தின் விட்டமே 57 மில்லிமீற்றர்தான். பாதிப் பந்துக்கு மேலே பிழைத்து விட்டது. பொக்கற்றைத் தேடவே வேண்டாம்.

ஆறு வருசமாக வலது சைட் போடும்போதெல்லாம் நான் தெரியாமலே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் குறி பார்த்திருக்கிறேன். பந்து எப்படியும் இடப்பக்கம் வந்துவிடும் அல்லவா? புது ஸ்டிக்கில் அது வரவில்லை. குறி பார்த்த இடத்துக்கே போய்விட்டது. ஏழு கேம்.

உங்களுக்கும் இதுதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே அடியை வலது சைட்டில் பத்துத் தடவை, இடது சைட்டில் பத்துத் தடவை அடியுங்கள். ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் பிழைத்தால் அது ஸ்டிக் மாறினதன் வேலை. சைட்டே போடாமல் அடிக்கும்போதும் ஒரே பக்கம் பிழைத்தால் மாமாவிடம் போங்கள், லாபிர் கதை கேட்கலாம்.

ஆகவே முதல் கிழமை சைட் போட வேண்டாம். இதைச் சொல்வது லேசு, செய்வது வலு கஷ்டம். பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நடுப்பந்து மட்டும், அதாவது பந்தின் நடுவில் மட்டும், அடிக்கிறவனைப் பார்த்தால் நேற்றுப் பழகினவன் மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

[திரையில்: மஞ்சள் கோடு போட்ட 9ஆம் பந்து. கோடு நெட்டாக நிற்கிறது. பின்னால் ஸ்டிக்.]

அந்த ஒரு கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். வெள்ளைப் பந்தை ஒதுக்கிவிட்டு 9ஆம் பந்தை எடுங்கள். அதன் மஞ்சள் கோடு நெட்டாக, நீங்கள் அடிக்கிற திசையைப் பார்த்து நிற்கிற மாதிரி வையுங்கள். எதிர்க் குஷனை, அதாவது மேசையின் ரப்பர் விளிம்பைப் பார்த்து மெதுவாக அடியுங்கள். சரியாக நடுவில் பட்டால் கோடு சைக்கிள் சில்லு மாதிரி ஆடாமல் உருண்டு போகும். பக்கத்தில் பட்டால் கோடு நெளியும், கிறுகும். பொய் சொல்லாது.

அடித்த பிறகு பந்தை எடுத்துப் பாருங்கள். வழுக்காமல் இருக்க டிப்பில் பூசுகிற சோக்கின் நீலப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கும், டிப் பட்ட இடம் அதுதான். லேஞ்சியால் துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். நான் இதைச் செய்த முதல் நாள் பத்தில் ஏழு புள்ளி கோட்டின் இடப்பக்கத்து விளிம்பில் கிடந்தது. நடுப்பந்து என்று நான் நினைத்து அடித்ததெல்லாம் இடது சைட்! கோணல் ஸ்டிக்கை நேரென்று பார்த்துப் பழகின கண் அது. ஒரு கிழமையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன. ஸ்டிக்குக்கு முன் பழக வேண்டியிருந்தது கண்தான்.

[திரையில்: ஒரு உள்ளங்கையில் கோழி முட்டை. மற்றக் கையில் ஸ்டிக்.]

அடுத்தது பாரம். பழையது 21 அவுன்ஸ், புதுசு 19. இரண்டு அவுன்ஸ் என்றால் 57 கிராம், ஏறக்குறைய ஒரு கோழி முட்டை. ஒரு முட்டைதானே என்று நானும் நினைத்தேன். பலமாக அடிக்கும்போது பெரிதாகத் தெரியாது. மெதுவான அடியில்தான் குடி கெடுக்கும். லேசான ஸ்டிக்கைக் கை கொஞ்சம் வேகமாகக் கொண்டு போகும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வேகமாக இல்லை. ஒரு தடவை பந்து பொக்கற் வாசலில் நிற்கும். மறுகா அதே அடி அரை மேசை தாண்டிப் போகும்.

இதைப் பழகப் பந்தைப் பொக்கற்றில் போட வேண்டிய தேவையே இல்லை. வெள்ளைப் பந்து எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி வந்து உங்கட பக்கத்துக் குஷனைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிசம் இதையே அடியுங்கள். விளையாடத் தொடங்க முன்னம் நான் இப்போதும் இதைச் செய்கிறேன், பொடியன்கள் சிரிப்பார்கள்.

நீளமும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பூல் ஸ்டிக் சாதாரணமாக 57, 58 அங்குலம். பழைய ஸ்டிக்கில் டிப்பிலிருந்து கை பிடிக்கிற இடம் வரைக்கும் நாடாவால் அளந்து, புதுசில் அதே தூரத்தில் பிடித்துத் தொடங்குங்கள். டிப் பந்தைத் தொடுகிற நேரம் முழங்கைக்குக் கீழே கை நேர் கீழாகத் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் ஒரு விரல் முன்னே, ஒரு விரல் பின்னே நகர்த்திப் பாருங்கள்.

[திரையில்: புது டிப். தட்டையாக, மினுக்கமாக. பக்கத்தில் நீல சோக்கட்டி.]

டிப்பைப் பாருங்கள். என்னுடையது வரும்போதே தட்டையாகவும் மினுக்கமாகவும் இருந்தது. சோக் ஒட்டவே இல்லை, இரண்டாவது அடியிலேயே வழுக்கி வெள்ளைப் பந்து மேசையை விட்டுப் பறந்தது. அதை மெல்லிய உப்புத்தாளால் மேலே வளைவாக்கிக் கொஞ்சம் சொரசொரப்பாக்கின பிறகுதான் பிடித்தது. சோக்கைத் துளை போடுகிற மாதிரித் திருகாதீர்கள், தூரிகையால் பூசுகிற மாதிரித் தடவுங்கள்.

பள்ளிக்கூடத்துச் சோக்கட்டியைக் கொண்டு வந்த ஒரு பொடியனும் இருந்தான். பெயர் ஒன்றுதான், சாமான் வேறு. அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹொஸ்கின்ஸ் என்ற இரண்டு பேர் 1897இல் காப்புரிமை எடுத்ததிலிருந்து இந்தச் சோக் சுண்ணாம்பு இல்லை, சிலிக்காவும் அலுமினியம் ஒக்சைட்டும். அலுமினியம் ஒக்சைட் மண்ணில் கல்லாகக் கிடந்தால் அதற்குப் பெயர் குருந்தம். ஆங்கிலக்காரன் அந்தப் பெயரை எங்கட தமிழிலிருந்துதான் எடுத்தான். நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் அதே இனம். நீலச் சோக்குக்கும் நீலக்கல்லுக்கும் தூரத்துச் சொந்தம் என்று மாமாவிடம் சொன்னேன். "அப்ப விலையும் அப்பிடியா?" என்றார்.

எவ்வளவு சோக் போட்டாலும் ஒரு எல்லை உண்டு. பந்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதி வரைக்கும்தான் டிப் பிடிக்கும், அதாவது 14 மில்லிமீற்றர். அதற்கு அங்கால போனால் வழுக்கும். மெல்லிய நுனி ஸ்டிக்கில் இன்னும் ஓரத்துக்குப் போகலாம் போல கண்ணுக்குத் தெரியும். கண்ணை நம்பாதீர்கள்.

[திரையில்: ஜன்னலுக்கு வெளியே வாவி. உள்ளே சுவரில் சாய்ந்திருக்கும் ஸ்டிக். மேலே பெரிய சிவப்புப் புள்ளடி.]

இனி எங்கட ஊர்ப் பிரச்சினை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மார்கழி மழையில் மேசைத் துணியே ஈரமாகத்தான் இருக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் காய்ந்து வெடிக்கும். (தின்கிற கச்சான் இல்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.) மரம் ஈரத்தைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சுவரில் சாய்த்து வைத்தால் அதே சாய்வில் வளையவும் பார்க்கும். உறையில் போட்டுப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் நேராகத் தொங்க விடுங்கள். மோட்டார் சைக்கிளில் கட்டி வெயிலில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். நான் போயிருக்கிறேன்.

வியர்வையில் ஸ்டிக் விரலில் ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். கரம் போர்ட்டுக்குப் போடுகிற பவுடரை மட்டும் கிட்டக் கொண்டு வராதீர்கள். ஸ்டிக் வழுவழுக்கும், உண்மைதான். ஆனால் துணி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கை அடையாளம் விழும், மேசைக்காரர் உங்களைத் திரும்ப உள்ளே விடமாட்டார்.

[திரையில்: மறுபடி இரண்டு ஸ்டிக்குகள்.]

எத்தனை நாள் என்று கேட்டால் எனக்கு மூன்று கிழமை. கிழமைக்கு நாலு பின்னேரம். முதல் கிழமை நடுப்பந்து, இரண்டாம் கிழமை வெள்ளைப் பந்தை முன்னுக்கு ஓட்டுகிறதும் பின்னுக்கு இழுக்கிறதும், மூன்றாம் கிழமைதான் சைட். அதுவும் அரை டிப் அகலத்தில் தொடங்கி. இந்த நாட்களில் பழைய ஸ்டிக்கைத் தொடக் கூடாது. நான் இரண்டாம் கிழமை ஒரு பந்தயத்துக்காக அதை எடுத்து வென்றேன், மறுநாள் புதுசோடு திரும்ப முதல் நாளுக்கே வந்துவிட்டேன்.

வெளியூர் போகும்போது வேறு வழியில்லை. அறுகம்பைப் பக்கம் ஒரு விடுதியில் மேசை இருந்தால், துணியில் கடற்கரை மணலும், ஸ்டிக்கில் டிப்பே இல்லாமலும் இருக்கும். அங்கே சைட்டை மறந்துவிட்டு நடுவில் அடியுங்கள். நடுப்பந்துக்கு எந்த ஸ்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாலாம் கிழமை டிப்பை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். அடி வாங்கி வாங்கித் தோல் அமுங்கும், ஓரம் காளான் மாதிரி வெளியே பிதுங்கும். கைக்கு வந்த ஸ்டிக் திடீரென்று மாறினது போல இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஓரத்தை உப்புத்தாளால் நுனியோடு மட்டமாக்கினால் போதும், நுனி மரத்தில் படாமல். டிப்பையே கழற்றிப் புதுசு ஒட்டுகிறதை முதல் தடவை நீங்களாகச் செய்ய வேண்டாம். நான் செய்தது கோணலாக ஒட்டிவிட்டது. அதைக் கழற்றி எடுத்த கதை அடுத்த வீடியோவில்.