எங்கள் ஆயா வீட்டு முகப்பில் அமெரிக்க டிவி ஏன் திணறும்? | 28 மீட்டர் Vs 268 கிலோமீட்டர்

வணக்கம் மக்களே. ஒரு கணக்கு சொல்கிறேன், நம்புவது கஷ்டம். அமெரிக்காவின் பழைய டிஜிட்டல் டிவி சிக்னலில் ஒரு துண்டை, அதாவது ஒரு சிம்பலை, காற்றில் நீளமாகப் படுக்க வைத்து அளந்தால் 28 மீட்டர். ஐரோப்பிய முறையில் அதே ஒரு துண்டு 268 கிலோமீட்டர்! காரைக்குடியில் பஸ் ஏறினால் விழுப்புரம் பக்கம் கொண்டுபோய் விடும் தூரம். இரண்டுமே டிவிதான், இரண்டிலும் படம் வரும். ஆனால் எந்த இடத்தில் எது படுத்துவிடும் என்பது இந்த நீளத்தில்தான் இருக்கிறது.

(திரையில்: ஒரு தீக்குச்சி, பக்கத்தில் முடிவே தெரியாத ஒரு கயிறு)

போரடிக்கும் வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1996 டிசம்பரில் அமெரிக்கா ஏடிஎஸ்சி என்ற டிஜிட்டல் டிவி முறையை ஏற்றது, 1998-ல் பிரிட்டன் டிவிபி-டி என்ற ஐரோப்பிய முறையில் ஒளிபரப்பைத் தொடங்கியது, 2003 டிசம்பரில் ஜப்பான் ஐஎஸ்டிபி-டி என்று தன் வழியில் போனது. முடிந்தது.

சரி, இப்போது ஆயா வீட்டு (பாட்டி வீட்டு) மாடிக்கு வாருங்கள்.

கேபிள் வராத காலம். நீளமான இரும்புக் குழாயில் இரண்டு ஆண்டெனா. ஒன்று மேற்கே கொடைக்கானலைப் பார்த்து, தூர்தர்ஷனுக்கு. இன்னொன்று தென்கிழக்கே, கடல் தாண்டி வரும் இலங்கை டிவியான ரூபவாகினிக்கு. படம் வரும், ஆனால் ஆளுக்குப் பக்கத்திலேயே அதே ஆள் வெளிறிப்போய் நிற்பார். "செய்தி வாசிக்கிற பிள்ளைக்குப் பின்னாலே யாருடா ஒட்டிக்கிட்டு நிக்கிறது?" என்று ஆயா ஒருநாள் நிஜமாகவே கேட்டார்கள். அது பேயும் இல்லை, டிவி கோளாறும் இல்லை. நேராக வந்த சிக்னலுக்குப் பின்னாலேயே, எங்கோ முட்டித் திரும்பி வந்த அதே சிக்னல்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த நிழலை ஸ்கேல் வைத்து அளக்கலாம்! 20 இன்ச் பெட்டியில் ஒளிக்கோடு இடமிருந்து வலம் போக 52 மைக்ரோ நொடி. நிழல் ஒரு விரல்கடை தள்ளித் தெரிந்தால் சுமார் இரண்டரை மைக்ரோ நொடி தாமதம். அதாவது அந்தச் சிக்னல் முக்கால் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்தே ஊரை அளந்திருக்கலாம், நாங்கள் என்னவோ ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

இனி அதே எதிரொலியை டிஜிட்டலில் போடுங்கள். அமெரிக்க முறையில் நொடிக்கு 1 கோடியே 7 லட்சம் சிம்பல், ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல். முக்கால் கிலோமீட்டர் சுற்றி வந்த எதிரொலி, இருபத்தைந்து துண்டுக்கு மேல் தள்ளிப்போய் சம்பந்தமே இல்லாத துண்டின் மேல் உட்காரும். அதைக் கண்டுபிடித்துக் கழிப்பது பெட்டியின் தலைவலி. ஐரோப்பிய முறை வேறு மாதிரி. ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதில் 6,817 பேர் (அதாவது 6,817 தனித்தனி அலைகள்), ஆளுக்கு ஒரு சுருதியில், ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து நிறுத்திச் சொல்கிறார்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, ஆளில்லாத பட்டாலையில் நின்று பேசிப் பாருங்கள். கடகடவென்று பேசினால் ஒன்றும் புரியாது, இழுத்துப் பேசினால் புரியும். அவ்வளவுதான் சூத்திரம். அதற்கும் மேல் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் 224 மைக்ரோ நொடி வரை இடைவெளி விடலாம், அதற்குள் வரும் எதிரொலி எதுவும் கெடுதல் செய்யாது. 224 மைக்ரோ நொடி என்றால் 67 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து சிவகங்கையைத் தாண்டும் அளவு தூரம் கூடுதலாகச் சுற்றி வந்தாலும் மன்னிப்பு உண்டு!

1999-ல் அமெரிக்காவிலேயே சின்க்ளேர் என்ற ஒளிபரப்பு நிறுவனம் பால்டிமோரில் சாதாரண வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனாவோடு இரண்டையும் ஓட்டிக் காட்டியது. உள்ளூர் முறை திணறியது. அன்றைய பெட்டியை எங்கள் முகப்பில் வைத்திருந்தாலும் இதே கதைதான் என்பது என் கட்சி, அந்தச் சுவர்களின் கனம் அப்படி.

அமெரிக்காவைத் திட்டி கமெண்ட் போடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எதிரொலி இல்லாத வெட்டவெளியில், கூரை மேல் ஆண்டெனா இருந்தால், அவர்கள் முறைக்குத்தான் குறைந்த சிக்னல் போதும். இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கி இருக்க வேண்டும் என்றால், தோராயமாக அவர்களுக்கு 15 டெசிபெல், ஐரோப்பிய முறைக்கு 19. அதாவது இரண்டரை மடங்கு பலவீனமாக வந்தாலும் படம் நிற்கும். பின்னால் வந்த பெட்டிகள் எதிரொலியையும் நன்றாகவே சமாளித்தன.

அப்புறம் மிக்ஸி. அதன் மோட்டாரில் பறக்கும் பொறியால் பழைய ஐரோப்பிய முறையில் படம் துண்டு துண்டாகும். ஜப்பான்காரர்கள் தகவலை நேரத்தில் கலைத்துப் பரப்பினார்கள், ஒரு பொறி எல்லாவற்றையும் ஒன்றாகக் கெடுக்க முடியாது. சோதித்துப் பார்த்த பிரேசில் 2006-ல் ஜப்பான் பக்கம் சாய்ந்தது. அம்மியில் அரைக்கும் வீட்டுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று ஆயா சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் என்ன ஆனது? 2017-ல் அனுமதி பெற்ற அமெரிக்காவின் புதிய ஏடிஎஸ்சி 3.0-வும் ஆயிரக்கணக்கான சுருதிக்கே மாறிவிட்டது. சிரிக்காமல் என்ன செய்ய! தூர்தர்ஷன் ஐரோப்பிய முறையின் அடுத்த பதிப்பான டிவிபி-டி2-வை எடுத்து, 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் கைபேசிக்கும் எட்டும்படி விட்டது. இலங்கையோ 2014-ல் ஜப்பான் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே, ஒரே குழாயில் தொங்கி ஒரே பெட்டிக்குள் போன அந்த இரண்டு ஆண்டெனாவுக்கும் இனிமேல் ஆளுக்கொரு பெட்டி வேண்டும்.

குழாய் இன்னும் மாடியில் நிற்கிறது, இப்போது துணி காய்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, கமெண்டில் எழுதுங்கள்.