சோறு தின்னாச்சா என்று சீனத்தில் கேட்பது

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம குமரி மாவட்டத்தில் தெரிந்தவர் யாரையாவது வழியில் கண்டால், "சோறு தின்னாச்சா?" என்று கேட்காமல் போகமாட்டோம். சீனாவில் பெரியவர்களும் இதையேதான் கேட்பார்கள்: "ச்சி ஃபான் லெ மா?" ச்சி என்றால் தின்பது, ஃபான் என்றால் சோறு. 'லெ' நம்முடைய 'ஆச்சு'. கடைசியில் வரும் 'மா', கேள்விக்கு நாம் சேர்க்கிற 'ஆ'. ஐம்பத்திரண்டு வயதில் மாண்டரின், அதாவது சீனாவின் பொதுமொழி வகுப்புக்குப் போன எனக்கு, இந்த வாக்கியம் விளங்கிய அன்றே பாதிப் பயம் போய்விட்டது.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறை. சனி, ஞாயிறு மாலைகளில் வகுப்பு. மாதம் 600 ரூபாய். பன்னிரண்டு பேர் படிக்கிறோம். சீனாவின் யிவூ மொத்தச் சந்தையிலிருந்து சரக்கு இறக்கும் மார்த்தாண்டத்துக் கடைக்காரர் இருக்கிறார், கப்பல் வேலைக்குப் போகவிருக்கும் குளச்சல் தம்பி இருக்கிறான், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் இருக்கிறார்.

போனில் இலவசமாகவே படிக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். சொற்களை அப்படிப் படிக்கலாம். ஆனால் சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. தம்புரா சுருதிபோல உயரத்திலேயே நிற்பது முதல் தொனி. "ஆங்?" என்று திருப்பிக் கேட்பதுபோல ஏறுவது இரண்டாவது. தாழ்ந்து கீழே போவது மூன்றாவது. "போ!" என்று அதட்டுவதுபோல விழுவது நான்காவது. 'மாய்' என்பதை மூன்றாவது தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காவதில் சொன்னால் விற்பது. நம் கடைக்காரர் ஒரு மாதமாக, "விற்க வந்திருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்திருந்த டீச்சரின் காதுதான் அதைப் பிடித்தது. தன் தொனி தவறுவது தன் காதுக்குக் கேட்காது. அதற்காகவே பக்கத்தில் ஆள் வேண்டும்.

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையை 1958-ல் சீன அரசு ஏற்றது. அதில் நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குழித்துறையை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட், எச் போடுகிறோம் அல்லவா? பின்யினில் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் நாக்கை மடித்துச் சொல்லும் ஜகரம். சீனாவின் பெயர் 'ஜுங்குவோ', ழுங்குவோ அல்ல. நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கும் சீன ஒலியை அவர்கள் 'ஆர்' எழுத்தால் குறிக்கிறார்கள். மனிதர் என்பதற்கு 'ழென்' என்று நாம் சொன்னால் ஆசிரியர் தலையாட்டுவார். உலகத்தில் பலர் திணறும் ஒலி நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

மூச்சை விட்டுச் சொல்லும் ஒலிகள்தான் தமிழ் மட்டும் படித்தவர்களுக்குச் சிரமம். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். 1956-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி இது. விளவங்கோடு பக்கம் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் உண்டு. அதிகரம் என்று, மூச்சை விட்டுச் சொல்லும்படி அவர்கள் மலையாளத்தில் படித்த எழுத்துகளின் மூச்சு இங்கே அப்படியே கைகொடுக்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', அவரை விட்டுச் சொல்லும் 'நாங்கள்' என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. வட சீனப் பேச்சில் இருக்கிறது: நாம் என்பதற்கு 'ட்ஸான்மென்'. ஆசிரியர் இதை விளக்கத் தொடங்குமுன்பே வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டது!

சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பேசவைத்து, தொனியைத் திருத்துகிறாரா ஆசிரியர் என்று கவனியுங்கள். திருத்தவில்லை என்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே சேர வேண்டாம். திருத்துகிறார் என்றால், சீன எழுத்தை எழுதிப் பழகக் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே போய்விடுங்கள்.

வணக்கம்.