மீதொட்டமுல்ல: 2 ஏக்கர் குப்பை மலையான கதை

[திரையில்: எவர்சில்வர் தட்டு. நடுவில் ரொட்டி மாவு, ஓரத்தில் நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி.]

கொஞ்சம் தண்ணீர் கூடிப்போன மாவு இது. இதன் மேல் அம்மிக்குழவியை வைக்கிறேன். பாருங்கள், குழவி கீழே இறங்குகிறது. மாவு எங்கே போகும்? பக்கத்தில் பிதுங்கி ஓரத்தில் எழும்புகிறது. தீப்பெட்டி சாய்ந்துவிட்டது, கவனித்தீர்களா? அதை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கொழும்பு வரைபடம். கொலன்னாவை மேல் ஒரு வட்டம்.]

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. வீட்டுக்கு வீடு பாற்சோறும் பலகாரமும். அன்று பிற்பகல், இலங்கையில் கொழும்பை அடுத்த கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன.

மழையில் குப்பை வழுக்கி விழுந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மழைக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மேடு நின்ற இடம் தாழ்வான ஈர நிலம். செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த, காலை வைத்தால் அமுங்குகிற மண். அதன் மேல் பத்து மாடிக்கும் கூடுதலான உயரத்துக்குக் குப்பை. பாரம் தாங்காமல் அடிமண் பக்கவாட்டில் நகர்ந்தது. குப்பை மேலிருந்து வந்து மூடியது மட்டுமல்ல, சில இடங்களில் தரையே மேலெழும்பியது. இப்போது அந்தத் தட்டை இன்னொரு முறை பாருங்கள்.

சரி, அங்கே அவ்வளவு குப்பை எப்படி வந்தது?

2009இல் கொழும்பின் புளூமெண்டல் குப்பைமேட்டை மூட வேண்டி வந்தது. மாற்றிடம் தேடியபோது, மீதொட்டமுல்லவில் 2 ஏக்கரில் தற்காலிகமாகக் கொட்ட உயர் நீதிமன்றம் அனுமதித்தது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இலங்கையில் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றத்தின் பெயரே உயர் நீதிமன்றம்தான்.) தற்காலிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு வருடத்தில் அந்த 2 ஏக்கர் சுமார் 20 ஏக்கராகிவிட்டது. கொழும்பிலிருந்து நாளுக்குச் சுமார் 800 தொன் வந்துகொண்டே இருந்தது.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வரும். விரிவாக்கம் என்றால் வரைபடம் போட்டு, கூட்டம் கூட்டி, கையெழுத்து வைத்துச் செய்வது என்று நினைக்கிறோம். இங்கே லொறிதான் முடிவெடுத்தது. நேற்றுக் கொட்டிய இடம் நிரம்பினால் இன்று பத்தடி தள்ளிக் கொட்டுவார்கள். அப்புறம் இன்னும் பத்தடி. அங்கிருந்தவர்கள் வருடக்கணக்கில் வீதியில் இறங்கிப் போராடினார்கள். “வேறே எங்கே கொட்டுவது?” என்பதுதான் மறுபக்கத்தின் கேள்வி. அதையும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு நாள் லொறி வராவிட்டால் நகரத்துச் சந்தி நாறும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே தெரு மக்கள்தான் பதிலானார்கள்.

[திரையில்: ரயில் பாதை. களனி வனவாசலையிலிருந்து வடக்கே புத்தளம் வரை ஒரு கோடு.]

சரிவுக்குப் பிறகு மீதொட்டமுல்லவில் கொட்டுவது நின்றது. குப்பை நிற்குமா? அடுத்த திட்டம், புத்தளம் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லுப் பக்கம் அருவக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள் அங்கே உண்டு. கொழும்புக் குப்பையைக் கொள்கலனில் அடைத்து, ரயிலில் சுமார் 170 கிலோமீட்டர் கொண்டுபோய் நிரப்புவதாக ஏற்பாடு.

புத்தளம் கொதித்தது. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று எல்லாரும் சேர்ந்து 2018இலிருந்து மாதக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் கணக்கு லேசானது: நுரைச்சோலை அனல்மின் நிலையம் இங்கே, சீமெந்து ஆலை இங்கே, இப்போது கொழும்பான் சாப்பிட்ட மீதியும் இங்கேயா? பக்கத்தில் வில்பத்துக் காடு, கலா ஓயா முகத்துவாரம், மீன்பிடி என்ற கவலையும் இருந்தது. ஆதரித்தவர்களோ, இது வெட்டவெளியில் கொட்டுகிற மேடு இல்லை, முறைப்படி கட்டிய நிரப்பிடம் என்றார்கள்.

அந்த வித்தியாசம் நிஜமானது. முறைப்படி கட்டினால் அடியில் தண்ணீர் இறங்காத கனமான பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் இருக்கும். குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீரைக் குழாயில் பிடித்துச் சுத்திகரிப்பார்கள். அன்றன்றைய குப்பையை அன்றே மண்ணால் மூடுவார்கள். உள்ளே உருவாகிற மீதேன் வாயுவை வெளியேற்றத் தனிக் குழாய். மீதொட்டமுல்லவில் இப்படி அடியில் விரிப்பு போட்டுத் தொடங்கவில்லை. பின்னால் போடவும் முடியாது. வீடு கட்டி முடித்தபின் அத்திவாரம் போடுகிற கதைதான்.

எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் நம்முடைய குப்பையில் பாதிக்கு மேல் சமையலறை ஈரம்: சோறு, மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை. ஈர விறகில் அடுப்பு பற்ற வைத்தவர்களுக்கு மீதியை நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஈரம்தான் குப்பைமேட்டில் கறுப்புத் தண்ணீராகவும் வாயுவாகவும் மாறுகிறது.

[திரையில்: மறுபடியும் தட்டு. குழவியைத் தூக்குகிறோம். மாவில் பள்ளம் அப்படியே.]

உங்கள் ஊரிலும் ஒரு நாள் “விரிவாக்கம்” என்று கூட்டம் போடுவார்கள். வேலைவாய்ப்பு, நவீன தொழில்நுட்பம் என்று படங்கள் ஓடும். ஓடட்டும். படம் முடிந்ததும் கையைத் தூக்கி, மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை ஏக்கர், எத்தனை அடி உயரம், எந்த வருடம் மூடுவீர்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். “தற்காலிகம்தான்” என்று யாராவது சொன்னால், தேதியைக் கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.